எச்.ஐ.வியுடன் வாழும் முதியோருக்கான செயல்நினைவுப் பயிற்சி: ஒரு வரலாறு

எச்.ஐ.வி வைரஸுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து நடுவயதையும் முதுமையையும் எட்டியவர்களிடம் நினைவாற்றல், கவனம், செயல்வேகம் ஆகியவற்றில் ஏற்படும் தளர்ச்சியைக் கணினிவழிப் பயிற்சிகளால் குறைக்கும் முயற்சியே இக்கட்டுரையின் பொருள். மருந்து கைகொடுக்காத ஓர் இடத்தில் தோன்றிய முயற்சி இது. இதன் ஒரு வேர் எயிட்ஸ் நோயாளிகளின் மருத்துவமனைப் படுக்கைகளில் இருக்கிறது. மற்றொரு வேர் உளவியல் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. இடையில் 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் விற்கப்பட்ட கணினி விளையாட்டுகளின் சந்தையும் குறுக்கிட்டது. இப்பயிற்சியால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது இந்த வழியை அறிந்தால்தான் விளங்கும்.

மூளையில் நுழைந்த வைரஸ்

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய வகை நிமோனியா பற்றிய குறிப்பு வெளியானது. எயிட்ஸ் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது இக்குறிப்பின் வழியாகத்தான். 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மொன்தானியே ஆகியோரின் குழு அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தது. அக்காலத்தில் எல்லோர் பார்வையும் நோய் எதிர்ப்பாற்றல் மீதும், அது குலைந்ததும் உடலைத் தாக்கும் தொற்றுகள் மீதும் இருந்தது. மூளை பின்னால்தான் பேசப்பட்டது.

ஆனால் நோயாளிகளின் வீட்டார் அதைக் கண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே சொல்லவந்தது மறந்து நிற்பது, படித்த பத்தியையே மீண்டும் படிப்பது, நடை தள்ளாடுவது, யாரிடமும் ஒட்டாமல் ஒதுங்குவது ஆகியவை மரணத்தை எதிர்நோக்கும் இளைஞரின் மனச்சோர்வு என்றே தொடக்கத்தில் பலராலும் எண்ணப்பட்டன. 1986இல் நியூயார்க்கின் பிராட்ஃபோர்டு நேவியா, பேரி ஜோர்டான், ரிச்சர்டு பிரைஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு இதை மாற்றியது. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட 70 எயிட்ஸ் நோயாளிகளில் 46 பேருக்கு நாளடைவில் முற்றிய அறிவுத்திறன் இழப்பு இருந்ததை அவர்கள் காட்டினார்கள். அந்நிலைக்கு 'எயிட்ஸ் டிமென்ஷியா தொகுதி' என்று பெயரிட்டார்கள்.

இந்த மறதி அல்சைமர் நோயின் மறதியைப் போன்றதன்று. அல்சைமரில் புதிதாகக் கேட்டது மனத்தில் பதிவதே இல்லை. எச்.ஐ.வியில் பெரும்பாலும் பதிவு இருக்கும். அதை வேண்டும்போது எடுப்பதும், எடுத்ததைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு வேலை செய்வதும்தான் தடுமாறும். காரணம் வைரஸ் மூளையைத் தாக்கும் விதத்தில் உள்ளது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே அது இரத்த வெள்ளணுக்களில் ஏறி மூளைக்குள் புகுந்துவிடுகிறது. நரம்பணுக்களை அது நேரடியாகத் தொற்றுவதில்லை. அவற்றைச் சூழ்ந்து காக்கும் மைக்ரோகிளியா போன்ற அணுக்களில் குடியேறுகிறது. அவ்வணுக்கள் வெளிவிடும் அழற்சிப் பொருள்களால் நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் நலிகின்றன. மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளும், அவற்றை நெற்றிப்பகுதியோடு இணைக்கும் வெண்பொருளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. பின்னாளில் பயிற்சியாளர்கள் செயல்நினைவைக் குறிவைத்ததற்கு இதுவே காரணம். அந்த வேலை நடப்பது பெருமளவுக்கு இந்த இணைப்புகளின் மேல்தான்.

இந்தக் கண்டுபிடிப்பு நோயாளிகளுக்கு உடனடியாக நன்மை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வைரஸ் மூளையைப் பாதிக்கும் என்றதும், அறிகுறியே இல்லாதவர்களையும் பொறுப்பான வேலைகளில் வைக்கலாமா என்ற கேள்வி எழுப்பப்பட்டது. நோய் அறிகுறி இல்லாத எச்.ஐ.வி தொற்றாளர்களிடம் பணியைப் பாதிக்கும் அளவுக்கு அறிவுத்திறன் குறைவு இருப்பதற்குச் சான்றில்லை என்றும், அதைக் காரணம் காட்டி வேலைக்கு வருவோரை எச்.ஐ.வி பரிசோதனை செய்வது நியாயமில்லை என்றும் 1988இல் உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. 'உன் மூளையில் குறை' என்று ஒருவரிடம் சொல்வதன் விலை அப்போதே தெரிந்துவிட்டது.

உளவியல் தந்த கருத்து

செயல்நினைவு என்பது ஒரு செய்தியைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி, அதைக் கொண்டு ஏதேனும் செய்யும் ஆற்றல். கடைக்காரர் சொன்ன மூன்று விலைகளை மனத்தில் கூட்டுவது செயல்நினைவு. 5, 8, 2 என்று கேட்டுவிட்டு 2, 8, 5 என்று திருப்பிச் சொல்வதும் அதுவே. காலை மாத்திரையைப் போட்டாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ அழைக்க, போய்ப் பேசிவிட்டு வந்து யோசனையை விட்ட இடத்தில் தொடர்வதும் அதன் துணையால்தான்.

இச்சொல்லை 1960இல் ஜார்ஜ் மில்லர், யூஜின் கேலன்டர், கார்ல் பிரிப்ராம் ஆகியோர் தம் நூலொன்றில் பயன்படுத்தினர். மனிதர் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு துண்டுச் செய்திகளையே மனத்தில் நிறுத்த முடியும் என்று 1956இல் எழுதிப் புகழ்பெற்றவர் இதே மில்லர். ஆனால் இன்றைய பொருளில் இக்கருத்தை நிலைநாட்டியவர்கள் பிரித்தானிய உளவியலாளர்களான ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும். 1974இல் அவர்கள் வரைந்த மாதிரியில் ஒலிகளைச் சுழற்றி வைத்திருக்கும் ஒரு பகுதியும், உருவங்களை வைத்திருக்கும் ஒரு பகுதியும், இரண்டையும் மேற்பார்க்கும் ஒரு நிர்வாகியும் இருந்தன. குறி கண்ணிலிருந்து மறைந்த பிறகும் குரங்கின் நெற்றிப்பகுதி நரம்பணுக்கள் தொடர்ந்து துடிப்பதை அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிக்கின் குழு காட்டியபோது, இந்தக் கருத்துக்கு மூளையில் ஓர் இடமும் கிடைத்தது.

பயிற்சிகளில் அதிகம் வழங்கும் சோதனை 'என்-பேக்' எனப்படுவது. அதன் முன்வடிவத்தை 1958இல் வெய்ன் கிர்ச்னர் பயன்படுத்தினார். இளையோரையும் முதியோரையும் ஒப்பிடவே அவர் அதைக் கையாண்டார் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும்: க, ம, க, ப, ம, ப. இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே மீண்டும் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மேற்கண்ட வரிசையில் இரண்டாவது 'க' வந்ததும் அழுத்த வேண்டும். இரண்டாவது 'ம' வரும்போது அழுத்தக் கூடாது, ஏனெனில் அதன் முந்தைய வருகை மூன்று எழுத்து தள்ளி இருக்கிறது. படிக்க எளிதாகத் தோன்றும். இரண்டு நிமிடம் செய்து பார்த்தால் நெற்றி வியர்க்கும்.

பயிற்சியும் சந்தையும்

நினைவின் கொள்ளளவு பிறவியிலேயே அமைந்தது, மாறாதது என்பதே நெடுநாள் நம்பிக்கை. 2002இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டார்க்கெல் கிளிங்பெர்க், கவனக்குறைவு மிகு இயக்கக் கோளாறுள்ள ஒரு சில குழந்தைகளுக்குக் கணினியில் செயல்நினைவுப் பயிற்சி கொடுத்து, முன்னேற்றம் கண்டதாக அறிவித்தார். அப்பயிற்சியின் உயிர்நாடி ஒன்றுதான்: பயிற்சி பெறுபவர் சரியாகச் செய்தால் அடுத்த கணக்கு கடினமாகும், தவறினால் எளிதாகும். எப்போதும் ஆற்றலின் விளிம்பிலேயே நிற்க வேண்டும். இது 'காக்மெட்' என்ற பெயரில் வணிகப் பொருளாயிற்று.

அதே 2002இல் அமெரிக்காவில் முதியோர் பற்றிய மிகப் பெரிய ஆய்வின் முதல் முடிவுகளும் வந்தன. 'ஆக்டிவ்' எனப்பட்ட அவ்வாய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் கலந்துகொண்டனர். ஒரு குழுவுக்கு நினைவு உத்திகளும், ஒரு குழுவுக்குத் தருக்கச் சிந்தனையும், ஒரு குழுவுக்குச் செயல்வேகமும் பத்துப் பத்து அமர்வுகளாகக் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்த உடனே வேகப் பயிற்சி பெற்றோரில் 87 சதவீதத்தினரும், தருக்கப் பயிற்சி பெற்றோரில் 74 சதவீதத்தினரும், நினைவு உத்திகள் கற்றோரில் 26 சதவீதத்தினர் மட்டுமே தத்தம் துறையில் உறுதியான முன்னேற்றம் காட்டினர். ஒவ்வொரு குழுவும் தான் பயின்றதில் முன்னேறியது, பிறவற்றில் முன்னேறவில்லை. அன்றாட வாழ்க்கையில் இரண்டாண்டு வரை எந்த மாற்றமும் தென்படவில்லை. பத்தாண்டு கழித்து, 2014இல் வெளியான தொடராய்வில், பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் தமக்குள்ள சிரமம் குறைவு என்று கூறினர். அது அவர்கள் தாமே சொன்ன மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய இந்த முடிவுகளைச் சந்தை வேறு விதமாகப் படித்தது. 2008இல் சூசன் யேகி முதலானோர், இரட்டை என்-பேக் பயிற்சி செய்தவர்களின் பொது அறிவுத்திறனே உயர்ந்தது என்று வெளியிட்ட கட்டுரை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 2013இல் தாமஸ் ரெடிக் குழுவினர் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அம்முடிவு கிடைக்கவில்லை. 2010இல் ஏட்ரியன் ஓவன் தலைமையில் பிபிசி தொலைக்காட்சியுடன் இணைந்து 11,430 பேர் ஆறு வாரம் செய்த பயிற்சியிலும் இதே கதைதான்: பயின்ற விளையாட்டுகளில் தேர்ச்சி கூடியது, பயிலாதவற்றுக்கு அது பரவவில்லை. 2016 ஜனவரியில் 'லுமோசிட்டி' விளையாட்டுகளை விற்ற நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கும் என்பது போன்ற ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இறப்பு குறைந்தது, முதுமை வந்தது

இதற்கிடையே எயிட்ஸின் முகம் முற்றிலும் மாறியிருந்தது. 1987 மார்ச்சில் அனுமதி பெற்ற ஏஇசட்டி என்ற முதல் மருந்து சிலருடைய மனத்தெளிவை மீட்டது, ஆனால் நீடிக்கவில்லை. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சை பரவியது. அமெரிக்காவில் எயிட்ஸ் இறப்புகள் 1996க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 47 சதவீதம் குறைந்தன. முற்றிய டிமென்ஷியாவும் அரிதாயிற்று. சாகப்போகிறோம் என்று வீட்டை விற்றவர்களும் வேலையை விட்டவர்களும் உயிரோடு ஐம்பதைத் தாண்டினார்கள். 2018 முடிவில் அமெரிக்காவில் எச்.ஐ.வி உள்ளதாக அறியப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

டிமென்ஷியா அரிதானாலும் தளர்ச்சி போகவில்லை. 2010இல் வெளியான 'சார்ட்டர்' ஆய்வில் 1,555 பேரைச் சோதித்தபோது 52 சதவீதத்தினர் சோதனைகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். டிமென்ஷியா என்னும் அளவுக்கு இருந்தோர் 2 சதவீதம்தான். 33 சதவீதத்தினருக்குச் சோதனையில் மட்டும் குறை. வாழ்க்கையில் எதுவும் தெரியவில்லை. வைரஸ் இரத்தத்தில் அளவிட முடியாத அளவுக்கு ஒடுங்கிய பிறகும் இந்நிலை ஏன் நீடிக்கிறது என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன: சிகிச்சைக்கு முன்பே ஏற்பட்டுவிட்ட சேதம், ஓயாத மெல்லிய அழற்சி, இரத்தக்குழாய் நோய்கள், இவற்றோடு சேரும் முதுமை.

மருந்துகள் தேடப்பட்டன. அல்சைமருக்குத் தரும் மெமண்டைன் சோதிக்கப்பட்டது. மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சோதிக்கப்பட்டது. இரண்டும் பலன் தரவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் பயிற்சி நுழைந்தது.

ஏன் இதற்கு இவ்வளவு முயற்சி என்று கேட்கலாம். எச்.ஐ.வி மருந்தை நாள் தவறாமல் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அடிக்கடி மறந்தால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் கூடும். நினைவுத் தளர்ச்சி மாத்திரையை மறக்கச் செய்கிறது. மறந்த மாத்திரை வைரஸுக்கு இடம் தருகிறது. வைரஸ் மீண்டும் மூளையைத் தொடுகிறது. சுழலும் இந்தச் சக்கரத்தை எங்காவது தடுக்க வேண்டும்.

பர்மிங்ஹாமும் பிறகும்

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் 'ஆக்டிவ்' ஆய்வின் ஆறு மையங்களில் ஒன்று. வேகப் பயிற்சியை வடிவமைத்தோரில் முதன்மையான கார்லீன் பால் அங்குதான் பணியாற்றினார். ஆகவே எச்.ஐ.விக்கான முதல் முயற்சிகளில் ஒன்று அதே வளாகத்தில், செவிலியர் கல்விப் பள்ளியில் தோன்றியது வியப்பில்லை. டேவிட் வான்ஸ் என்ற உளவியலாளரின் குழு, எச்.ஐ.வியுடன் வாழும் நடுவயதினரும் முதியோருமான 46 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஏறத்தாழ பத்து மணி நேர வேகப் பயிற்சி அளித்தது. 2012இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றோர் கண்முன் ஓடும் காட்சிகளை விரைந்து பிரித்தறிவதில் முன்னேறினர். அத்துடன், அன்றாட வேலைகளை நேரமெடுத்து அளக்கும் சோதனையிலும் முன்னேற்றம் இருந்தது. சில்லறை எண்ணுவது, மருந்துச் சீட்டைப் படிப்பது, பட்டியலில் தொலைபேசி எண்ணைத் தேடுவது போன்றவை அச்சோதனையில் அடங்கும். சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவுக்கு எதுவுமே தரப்படவில்லை என்ற குறையும் உண்டு. ஆனாலும் மாத்திரைப் பெட்டிக்கு அருகில் வந்த முதல் சான்றுகளில் இது ஒன்று. இத்துறையில் 'முதியோர்' என்ற சொல்லுக்கு வயது கீழே இறங்கிவிடுவதையும் காணலாம்: 'ஆக்டிவ்' ஆய்வில் 65, எச்.ஐ.வி ஆய்வுகளில் பெரும்பாலும் 50, சிலவற்றில் 40.

அதே 2012இல் பிட்ஸ்பர்க் நகரின் ஜேம்ஸ் பெக்கர் குழு, இணையம் வழியாக வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சியைப் பற்றி எழுதியது. தொடர்ந்து செய்தவர்களிடம் பலன் தெரிந்தது. யார் தொடர்ந்து செய்வார்கள் என்பதுதான் சிக்கல். ஏற்கெனவே கவனம் நிலைக்காதவரிடம், சலிப்பூட்டும் ஒரு பயிற்சியை மாதக்கணக்கில் செய்யச் சொல்கிறோம். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெரி டோ, கிறிஸ்டினா மீட் ஆகியோர் 2017இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு, எச்.ஐ.வி உள்ளோர் செயல்நினைவுப் பயிற்சியை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதையே முதல் கேள்வியாக வைத்தது அதனால்தான்.

செயல்நினைவுக்கென்றே நடந்த விரிவான ஆய்வு லிண்டா சாங் தலைமையில் ஹவாயில் நடந்தது. 2017இல் அது வெளியாயிற்று. எச்.ஐ.வி உள்ளோரும் இல்லாதோருமாகக் கலந்துகொண்டவர்களுக்குக் கிளிங்பெர்க் மரபில் வந்த பயிற்சி 25 அமர்வுகள் தரப்பட்டது. சிலருக்குக் கடினம் கூடிக்கொண்டே போகும் பயிற்சி. சிலருக்கு எளிய நிலையிலேயே நிற்கும் பயிற்சி. இரு பிரிவினரும் கணினிப் பயிற்சி பெற்றார்கள் என்பதால் இந்த ஒப்பீடு பர்மிங்ஹாம் ஆய்வினும் வலுவானது. கடினம் கூடிய பயிற்சியை முடித்த 74 பேரில் எச்.ஐ.வி உள்ளவர்களும் இருந்தனர். பயிற்சியில் இல்லாத எண் வரிசை, இட வரிசைச் சோதனைகளிலும் அவர்கள் முன்னேறினர். எச்.ஐ.வி இருப்பது முன்னேற்றத்துக்குத் தடையாகவில்லை. மூளையைப் படமெடுத்தபோது, அதே என்-பேக் கணக்கைச் செய்ய நெற்றிப்பகுதி முன்னைவிடக் குறைவாகவே உழைத்தது. எச்.ஐ.வி உள்ள மூளை ஒரே வேலைக்குக் கூடுதல் இடங்களை உழைப்பில் இறக்குகிறது என்று சாங் முன்பே காட்டியிருந்தார். அந்தச் சுமை இறங்கியதையே படங்கள் காட்டின.

என் கணிப்பில் இத்துறையின் மிக நம்பத்தக்க செய்தி இதுதான். அதன் எல்லையும் இதிலேயே இருக்கிறது. எண் வரிசையைத் திருப்பிச் சொல்வது என்-பேக்குக்கு நெருங்கிய உறவு. மாத்திரையைத் தவறாமல் போடுவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பேருந்து மாறிச் செல்வதும் தூரத்து உறவு. நெருங்கிய உறவுக்குப் பலன் சேர்கிறது என்பதற்குச் சான்று உண்டு. தூரத்துக்குச் சேர்கிறது என்பதற்கு வான்ஸின் ஆய்வு போன்ற சிற்சில குறிப்புகளே உள்ளன. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

பிற நாடுகளில்

எச்.ஐ.வியுடன் வாழ்வோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்க, பயிற்சி ஆய்வுகள் பெரிதும் அமெரிக்காவிலேயே நடந்தன. விதிவிலக்காக, மைக்கேல் பாய்வின் உகாண்டாவில் எச்.ஐ.வி உள்ள குழந்தைகளுக்குக் கணினிப் பயிற்சி அளித்து 2010இல் எழுதினார். சோதனைகளே ஆங்கிலம் படித்தவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்ற குறையைப் போக்க, 2005இல் நெட் சாக்டர் குழு உகாண்டாவிலும் அமெரிக்காவிலும் சோதித்து ஓர் எளிய அளவுகோலை உருவாக்கியது. நான்கு சொற்களை நினைவில் வைப்பது, விரல்களை விரைந்து தட்டுவது, கையை முட்டி, தட்டை, பக்கவாட்டு என மாற்றி மாற்றி வைப்பது: இவ்வளவே அது. படிப்பறிவு தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓரிடம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைச் செய்தனர். அரசின் இலவசக் கூட்டுச் சிகிச்சை 2004 ஏப்ரல் முதல் நாளன்று தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் அதன் முதல் மையங்களில் ஒன்று. அன்று முப்பத்தைந்து வயதில் மாத்திரை தொடங்கியவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்திருப்பார்.

குறை என்பது யாருக்கு?

பயிற்சி யாருக்குத் தேவை என்ற கேள்வி, யாருக்குக் குறை இருக்கிறது என்ற கேள்வியைச் சார்ந்தது. 2007இல் வகுக்கப்பட்டு 'ஃபிராஸ்காட்டி அளவுகோல்' எனப்படும் விதிகள், அன்றாட வாழ்வில் எந்தச் சிரமமும் இல்லாதவரையும் சோதனை மதிப்பெண் கொண்டு 'அறிகுறியற்ற குறையுள்ளவர்' என வகைப்படுத்தின. 2011இல் மூன்று ஆய்வாளர்கள் இதை எதிர்த்து எழுதினர். பல சோதனைகள் வைத்தால் நலமானவர்களிலும் பலர் ஏதேனும் இரண்டில் தவறத்தான் செய்வர். இவ்விதிப்படி அவர்களில் ஐந்தில் ஒருவர் குறையுள்ளவராகத் தோன்றக் கூடும் என்பது அவர்கள் வாதம். அம்மூவரில் ஒருவர் ரிச்சர்டு பிரைஸ். எயிட்ஸ் டிமென்ஷியாவை 1986இல் உலகுக்குக் காட்டிய அதே மருத்துவர்.

2023இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, சோதனையில் குறைந்த மதிப்பெண் பெறுவதை மட்டும் வைத்து ஒருவரைக் குறையுள்ளவர் என்று அழைக்கக் கூடாது என்றும், அவர் உணரும் சிரமத்தையும் மருத்துவச் சூழலையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன்படி பார்த்தால் 'சார்ட்டர்' ஆய்வின் அந்த 33 சதவீதத்தினர், மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டிப் பயிற்சிக்கு அழைக்கப்பட வேண்டியவர்கள் அல்லர். சமையலறையில் அடுப்பை அணைத்தோமா என்று தானே கவலைப்பட்டு மருத்துவரிடம் வருபவரிடமிருந்து பயிற்சி தொடங்க வேண்டும்.